ஹார்வி புச்சார்ட்டும் ஒரு கல்லூரி நடைக்கழகமும்

பயண இலக்கியத்தில் ஈடுபாடு கொண்ட நம் வாசகர்களில் சிலர் காலின் பிளெட்சரின் பெயரை அறிந்திருக்கக்கூடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவை, அன்று அதற்கிருந்த எல்லைகளுக்குள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 1963இல் தனியாக நடந்து கடந்தவர் அவர். அந்த இரண்டு மாத நடையை 1968இல் 'தி மேன் ஹூ வாக்ட் த்ரூ டைம்' என்ற நூலாக்கினார். நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. முதுகுப்பையுடன் பாலைநிலத்தில் இறங்க வேண்டும் என்ற ஆசையை ஒரு தலைமுறைக்கே ஊட்டியது. அந்த நடைக்குத் திட்டமிடுகையில் எங்கே இறங்கலாம், எங்கே நீர் கிடைக்கும், எந்தப் பாறைத் தட்டில் வழி அடைபடும் என்று பிளெட்சர் கேட்டறிந்தது ஒரு கணிதப் பேராசிரியரிடம். நாம் இங்கே பேச விரும்புவது அந்தப் பேராசிரியரையும், அவர் பொறுப்பில் இருந்த கல்லூரி நடைக்கழகத்தையும், அக்கழகத்திலிருந்து கிளைத்த வறண்ட, அழகற்ற, ஆனால் ஈடிணையற்ற ஒரு குறிப்புத் தொகுப்பையும் பற்றி.

ஜான் ஹார்வி புச்சார்ட் 1907இல் சீனாவில் கிறித்தவ மிஷன் பணியிலிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1945இல் வட அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1966இல் வட அரிசோனா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய கல்லூரி அதுதான். மாணவர்களின் நடைக்கழகத்துக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றாக வேண்டும் என்பதால் அந்தப் பணி அவரிடம் வந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பொறுப்பாளராக ஓர் ஆசிரியர் அமர்வதைப் போன்றதுதான். அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள், 1987 வரை, அவர் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள், ஏறத்தாழ 12,000 மைல் நடை, பள்ளத்தாக்கினுள் நிற்கும் குன்றுகளில் 83 சிகரங்கள் என்று அவருடைய கணக்கு நீள்கிறது.

பாலை என்றதும் நம் மனத்தில் மணல்தான் விரிகிறது. இது பாறைப் பாலை. வழக்கமான மலைப்பயணத்தில் ஏற்றம் முதலில் வரும். களைத்தவன் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த பைன் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் ஆழம் இறங்கினால், கோடையில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தில் கொலராடோ ஆறு. இறங்கும்போது எல்லோரும் வீரர்களே. கால் தளர்ந்து நீரும் தீர்ந்த பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது.

வழி கண்டுபிடிப்பதும் எளிதன்று. கிடைமட்டமாக அடுக்கப்பட்ட பாறைப் படுகைகளில் மென்பாறைகள் சரிவாகவும் கடும்பாறைகள் செங்குத்துச் சுவராகவும் அரிபட்டிருக்கின்றன. சரிவில் எவரும் நடக்கலாம்; சுவரில் இயலாது. அவற்றுள் மிகக் கொடியது ரெட்வால் எனப்படும் சுண்ணாம்புப் பாறை. மேலிருந்து வழியும் செம்மண் நீரால் சிவப்பேறிய இச்சுவர் நூற்றைம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பள்ளத்தாக்கின் இருபுறமும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு ஓடுகிறது. நிலப்பிளவு ஒன்று அதைக் கீறியிருந்தாலோ, பாறை சரிந்து ஒரு மூலையை நிரப்பியிருந்தாலோ மட்டுமே அங்கே இறங்க முடியும். அப்படிப்பட்ட இடங்கள் எவை? புச்சார்ட்டின் வாழ்நாள் வினா இதுதான் எனலாம். இதற்கு விடை காண வீரம் போதாது. பொறுமையான நீக்கல் முறை வேண்டும். ஓர் ஓடையில் இறங்கிப் பார்ப்பது, அடைபட்டால் குறித்துக்கொண்டு திரும்புவது, அடுத்த விடுமுறையில் அடுத்த ஓடைக்குச் செல்வது. கணித ஆசிரியருக்கு ஏற்ற வேலை என்று நமக்குத் தோன்றுகிறது. தோல்வியுற்ற வழியும் அவருக்கு ஒரு முடிவாகவே இருந்தது.

வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் கழகத்து மாணவர்கள் உடன் சென்றனர். பல வேளைகளில் அவர் தனியாகவும் சென்றார். வீடு திரும்பியதும் குறிப்பெழுதுவார். கிளம்பிய நேரம், எட்டிய நேரம், நீர் இருந்த குழி, வழி அடைபட்ட இடம். சூரிய அஸ்தமனங்கள் அவற்றில் குறைவு. பிரான்சுவா மத்தேஸும் ரிச்சர்ட் எவான்ஸும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளந்து வரைந்த சம உயரக் கோட்டு வரைபடங்களின் மீது, நடந்த வழிகளை மையால் கோடிட்டுக்கொண்டே வந்தார். குறிப்புகள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டின. விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்க அவர் அறிந்த வழிகள் நூறைத் தாண்டின.

ஆற்றங்கரையை அடைந்தால் அடுத்த தடை ஆறே. 1928இல் எழுந்த கைபாப் தொங்குபாலத்துக்கும், ஆற்றின் மேற்போக்கில் 1929இல் திறக்கப்பட்ட நவஹோ பாலத்துக்கும் இடையே எண்பது மைலுக்கும் மேல் வேறு பாலமே கிடையாது. படகைச் சுமந்துகொண்டு சுவர் இறங்க முடியாது. புச்சார்ட் கண்ட தீர்வு, கடையில் விற்கும் காற்றடைத்த மெத்தை. சுருட்டினால் பைக்குள் அடங்கும், ஊதினால் மிதக்கும். அதன்மேல் படுத்து, கைகளால் துடுப்பிட்டு, அவர் ஆற்றைக் கடந்தார். நெடுந்தொலைவு மிதந்தும் சென்றார்.

1955ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கழகத்து மாணவர் ஒருவர் அவருடன் இவ்வாறு ஆற்றில் இறங்கினார். மேலே ராக்கி மலைகளின் பனி உருகி ஆறு பெருகும் பருவம் அது. கிளென் கேன்யன் அணை அப்போது இல்லை. அதன் வாயில்கள் 1963இல்தான் மூடப்பட்டன. சேறு கலங்கிய வெள்ளம் அந்த மாணவரைக் கொண்டுபோயிற்று. ஆசிரியர் கரையேறினார்.

புச்சார்ட்டைப் பற்றி எழுதுவோர் இந்த இடத்தை இரண்டு விதமாகக் கடந்து செல்கின்றனர். ஒரு சாரார் ஒற்றை வரியில் வருந்திவிட்டு மைல் கணக்குக்குத் திரும்பிவிடுகின்றனர். மறுசாரார் எல்லாச் சாதனைகளையும் இந்த ஒரு மரணத்தைக் கொண்டு அழித்துவிடுகின்றனர். எலியஸ் பட்லரும் மருத்துவரான டாம் மையர்ஸும் எழுதி 2007இல் வெளிவந்த 'கிராண்ட் அப்செஷன்' என்ற வாழ்க்கை வரலாறு இரண்டையும் தவிர்த்து, மனிதரை முழுமையாகப் பார்க்க முயல்கிறது. நமது கருத்து இது. தனி நடையாளன் தன் உயிரைப் பணயம் வைப்பது அவனுடைய உரிமை. கழகம் என்பது வேறு. முன்னே செல்பவர் கரையேறிவிடுவார் என்ற நம்பிக்கையே பின்னே வருபவரை நீரில் இறக்குகிறது. அந்த முன்னவர் ஆசிரியராகவும் இருந்தால் நம்பிக்கை இரட்டிப்பாகிறது. மாணவர்களுக்கான அமைப்பு எந்தப் புள்ளியில் ஆசிரியரின் தேடலுக்குத் துணைப்படையாக மாறிற்று என்ற கேள்வியை, அவர் மீது எத்தனை மதிப்பிருந்தாலும், தவிர்க்க இயலவில்லை. அவர் அதன்பின்னும் நடந்தார். மெத்தையில் மீண்டும் மிதக்கவும் செய்தார்.

1970இல் அவர் 'கிராண்ட் கேன்யன் ட்ரெக்ஸ்' என்ற சிறு கையேட்டை வெளியிட்டார்; பின்னர் இரு பகுதிகள் தொடர்ந்தன. பிளெட்சரின் நூலைப் படித்தவர்கள் இதைக் கையிலெடுத்தால் ஏமாந்துபோவார்கள். பிளெட்சருக்குப் பள்ளத்தாக்கு காலத்தைத் தியானிக்கும் இடம். புச்சார்ட்டுக்கு அது இன்னும் விடை காணாத ஒரு கணக்கு. ஒரு நாள் முழுதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டிய வழியை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவார். இந்தச் சுருக்கத்தால் திணறியவர்கள் பலர். இலக்கியமாக எதை மறுபடி வாசிப்போம் என்று கேட்டால் பிளெட்சரையே சொல்வோம். ஆனால் அங்கே இறங்குபவர்களுக்குப் பயன்பட்டது மற்றதுதான்.

முதல் மனிதன் என்ற பட்டத்தை மட்டும் நாம் எச்சரிக்கையுடனேயே வழங்க வேண்டும். மார்பிள் கேன்யன் பகுதியில், ஆற்றுக்கு மேலே பாறைச் சுவரின் இடைவெளியொன்றில் மரக்கட்டைகளைக் கிடத்திப் பழங்குடியினர் அமைத்த நடைபாலம் இன்றும் காணக் கிடைக்கிறது. ரெட்வால் குகைகளில் மரக்குச்சியைப் பிளந்து மடித்துச் செய்த விலங்கு உருவங்கள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் எனக் கணிக்கின்றனர். சுற்றுலாப் பயணிகள் நிறைந்த பிரைட் ஏஞ்சல் பாதையே ஹவசுபாய் மக்களின் பழைய வழிதான். அவர்கள் பயிரிட்டு வாழ்ந்த தோட்டத்திலிருந்து கடைசிக் குடியிருப்பாளரும் 1928இல் வெளியேற்றப்பட்டார். அந்த இடத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ் என்ற பெயர் 2022இல்தான் கிட்டியது. புச்சார்ட்டும் யாருமறியா வழி என்று இறங்கிய இடங்களில் பானையோடுகளையும் பழைய கால்பிடிக் குழிகளையும் கண்டிருக்கிறார். பல இடங்களில் அவர் செய்தது மறந்துபோன வழியை மறுபடி நடந்ததுதான்.

1976இல் பணி ஓய்வு பெற்ற புச்சார்ட், 2002இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் டூசான் நகரில் காலமானார். குறிப்புகள் அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் கிளைன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பாலைநில நடையில் ஆர்வமுள்ளோர் இன்றும் அவற்றைத் தேடிப் படிக்கின்றனர். நீர் கிடைத்தது என்று அவர் குறித்த குழிகள் பல மழையை நம்பியவை; இன்னொரு ஆண்டில் வறண்டும் கிடக்கும். சுவர்களில் அவர் கண்ட பிளவுகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன.