சோகைக்கும் ஒரு வரலாறு உண்டு

முதல் பாடவேளை. குறிஞ்சித்திணை நடத்திக்கொண்டிருந்தேன். தலைவி மெலிகிறாள், மேனி பசலை பூக்கிறது. காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். அப்போதுதான் குரங்கணிப் பக்கத்து மாணவி ஒருத்தி பெஞ்சிலேயே சரிந்தாள். "மொத பஸ்ஸ விட்டா வர முடியாது மேடம், சாப்பிடல" என்றாள். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம். 12 இருக்க வேண்டும். அவள் வாடிக்கிடப்பதைப் பார்த்து, 'ஏதோ காதல் விவகாரம்' என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசியிருக்கிறோம். நானும் பேசினேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே விடுமுறை நாட்களில் அம்மாவோடு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள் அவள். ஏலம் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். பகல் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். விடியலில் கடுங்காப்பி மட்டும். ஒதுங்க மறைவில்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான்.

அந்த எட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 15 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே பிரித்தது. எதற்கு? உடல் வேலைக்குத் தகுதியானது என்று மருத்துவர் சான்று தர வேண்டும், வேலை நேரத்தில் அதற்கான டோக்கனை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு. 12 வயது முடிந்த சிறுமிக்கும் அதே விதி. அதுவும் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்குத்தான். ஏலம் 1981 திருத்தத்தில்தான் சேர்ந்தது.

1970இல் மத்திய அரசு இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரும்புச்சத்து மாத்திரை கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கிடைத்தது. இடையில் நின்ற பெண்ணுக்கு இல்லை. தோட்டத்துக்கு அவள் கை வேண்டும். அரசுக்கு அவள் கருப்பை.

அவளை அவளுக்காகவே பார்க்க வெகுகாலம் ஆயிற்று. 2012இல் தமிழக அரசின் புதுயுகம் திட்டம் ஊரகப் பெண்களுக்கு இலவச நாப்கின் தந்தது. 2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் தொடங்கியது. வாரம் ஒரு நீல மாத்திரை பள்ளிக்கு வந்தது. இருந்தும், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் சோகை உள்ளவர்கள் 2015-16இல் நூற்றுக்கு 54 பேர். 2019-21இல் 59 பேர். அதே வயது ஆண்களில் 31.

என் மாணவியும் பள்ளியில் அந்த மாத்திரையை வாங்கியவள்தான். வெறும் வயிற்றில் குமட்டியதால் ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறாள். 2022இல் தமிழ்நாட்டில் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

இப்போது அவள் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறாள். மூன்று மாதத்தில் 10 வந்திருக்கிறது. பசலை பாடத்தை நான் இன்னும் நடத்துகிறேன். அதற்கு முன் வகுப்பில் யார் யார் காலையில் சாப்பிடவில்லை என்று கேட்டுவிடுகிறேன். கைகள் உயரத்தான் செய்கின்றன.