கத்தரிக்கோல், பசை, அரை அணா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய புத்தகத்தை மதுரைக்கு அனுப்ப பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். முகவரியை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, ஃபெவிகால் தடவும்போது என் பெண் கேட்டாள்: "அப்படியே ஸ்டாம்பையும் பிரிண்ட் பண்ணிடலாமேப்பா?" சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுக்க ஒரே கணக்கு வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம், எவ்வளவு தூரம் போனாலும் அரை அணா. அதற்கான ஸ்டாம்பை அச்சடித்தது கல்கத்தாவில் இருந்த நில அளவைத் துறை அலுவலகம். பொறுப்பு, கேப்டன் துயிலியர். வரைபடம் போடுகிற கல்லச்சிலேயே ஸ்டாம்பும் போட்டார்கள். முதலில் சிவப்பு, இங்கிலாந்து மை தீர்ந்துபோனதால் நீலம். (மாதக் கடைசியில் மெஜந்தா கார்ட்ரிட்ஜ் தீர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.) அந்த ஸ்டாம்புகளுக்குப் பின்னால் பசை கிடையாது, கிழிக்க ஓட்டை வரிசையும் கிடையாது. கத்தரிக்கணும், பசை தடவணும், ஒட்டணும். ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததும் அதுதானே!

அச்சடிப்பது ஒருநாளும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. ஒருமுறை கட்டிய காசை இரண்டு முறை செலவழிக்காமல் தடுப்பதுதான் கஷ்டம். எங்கள் தொழிலில் இதற்கு 'டபுள் ஸ்பெண்டிங்' என்று பெயர். அந்தக் காலத்து விடை, முத்திரை குத்துவது. முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டப் பார்த்தால் படமும் சேர்ந்து கரைகிற மாதிரி மை செய்தார்கள் லண்டன் டி லா ரூ அச்சகத்தார்.

அடுத்தது ஃபிராங்கிங் மெஷின். பேங்க், இன்ஷூரன்ஸ் கவர்களில் சிவப்பாகக் குத்தியிருக்குமே, அது. உள்ளே இரண்டு எண்ணிகள்: ஒன்று மிச்சப் பணத்தைக் குறைத்துக்கொண்டே வரும், இன்னொன்று மொத்தச் செலவை ஏற்றிக்கொண்டே போகும். நம்பிக்கை காகிதத்திலிருந்து, சீல் வைத்த பெட்டிக்குள் போனது இங்கேதான்.

1999இல் அமெரிக்க அஞ்சல்துறை, வீட்டுப் பிரிண்டரிலேயே தபால் கட்டணத்தை அச்சிட இ-ஸ்டாம்ப், ஸ்டாம்ப்ஸ்.காம் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. அந்தப் பார்கோடில் தொகை, தேதியோடு பழைய மெஷினின் அதே இரண்டு எண்ணிகளும் இருந்தன! கூடவே டிஜிட்டல் கையெழுத்து. ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால், அந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்தில் வருவது, டாக் கர் நிர்யாத் கேந்திரா. ஏற்றுமதி பார்சலுக்கான சுங்கப் படிவத்தை ஆன்லைனில் பதிந்து, லேபிளையும் அச்சிட்டு எடுத்துப்போகலாம். 2022 டிசம்பரில் இதற்கென்று விதிகளும் வந்தன. சின்ன ஊர்க் கைவினைக்காரர்களுக்கு இது பெரிய வசதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அரை அணா ஸ்டாம்ப், ரொக்கம் மாதிரி. யார் வாங்கினார், யாருக்கு எழுதினார் என்று அதற்குத் தெரியாது. மொட்டைக் கடுதாசிக்கும் ஒட்டலாம், காதல் கடிதத்துக்கும் ஒட்டலாம். நான் வீட்டில் அச்சிடுகிற லேபிளுக்கு என் அக்கவுண்ட், மொபைல் எண், தேதி, அனுப்பும் இடம் எல்லாம் தெரியும். டபுள் ஸ்பெண்டிங்கைத் தடுக்க நாங்கள் கண்டுபிடித்த வழி, எல்லாரையும் பெயர் எழுதிவைப்பது.

திங்கட்கிழமை பார்சலை எடுத்துக்கொண்டு சேலையூர் தபால் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் எடை போட்டு, மொபைல் நம்பர் கேட்டு, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திரும்பும்போது, தேவை எதுவும் இல்லாமலேயே, நாலு ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் கேட்டேன். இருபது ரூபாய். பெயர் கேட்கவில்லை.