காது மிஷின் கதையும் சிவகாசி அண்ணாச்சியும்

விருதுநகர், சிவகாசி பக்கம் "மருந்து"ன்னா மாத்திரை இல்லைங்க. பட்டாசுக்குள்ள போற ரசாயனம். இங்க ஓ.பி.யில உட்கார்ந்து "என்ன மருந்து எடுக்கிறீங்க?"ன்னு கேட்டா, "நான் மருந்து அறை இல்ல சார், வெடிச்சுப் பாக்குற வேலை"ன்னு பதில் வரும்.

அப்படிச் சொன்ன ஒரு அண்ணாச்சி. ஐம்பது வயசு தாண்டியவர். கூட வந்த அக்கா சொன்னது இது: "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்காரு சார். காசு குடுங்கன்னா காதைத் தடவுறாரு."

சிரிச்சுட்டோம். ஆனா அவர் நடிக்கலை. "காசு", "காது" ரெண்டுக்கும் வித்தியாசம் நடுவுல வர்ற அந்த "ஸ்" சத்தம் மட்டும்தான். அது மெல்லிய, உயர் அதிர்வெண் சத்தம். வெடிச்சத்தம் காதுக்குள்ள முதல்ல கெடுக்கிறது அந்தப் பகுதியைத்தான். பரிசோதனை வரைபடத்துல 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம் விழும். மற்ற இடமெல்லாம் ஓரளவு சரியா இருக்கும். அதனாலதான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை"ன்னு சொல்றாங்க. அங்க செத்துப்போன முடிச்செல்கள் திரும்ப முளைக்காது. மாத்திரையும் கிடையாது.

அப்ப மிச்சமிருக்கிறது கருவிதான். அதோட வரலாறு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும்.

டெலிபோன் கண்டுபிடிச்ச கிரஹாம் பெல்லோட அம்மாவுக்குக் காது மந்தம். மனைவிக்குக் காது கேட்கவே கேட்காது. 1876ல டெலிபோன் வந்துச்சு. அதே தொழில்நுட்பத்தை வச்சு 1898ல அமெரிக்காவுல ஹட்சிசன்ங்கிறவர் மின்சாரக் காதுக் கருவி செஞ்சார். மேசை மேல வைக்கிற சைஸ்.

அடுத்தது டிரான்சிஸ்டர். நம்ம தாத்தாக்களுக்கு டிரான்சிஸ்டர்னாலே ரேடியோதான். ஆனா அமெரிக்காவுல முதல் டிரான்சிஸ்டர் பாக்கெட் ரேடியோ கடைக்கு வந்தது 1954ல. அதுக்கு முன்னாடியே, 1952 டிசம்பர்ல, சோனோடோன் 1010ங்கிற காது மிஷின்ல டிரான்சிஸ்டர் வந்துருச்சு. சாதாரண மக்கள் காசு கொடுத்து வாங்கின முதல் டிரான்சிஸ்டர் பொருளே காது மிஷின்தான்! பெல்லோட நினைவா, காது மிஷினுக்கு மட்டும் காப்புரிமைக் கட்டணம் வேண்டாம்னு விட்டுட்டாங்க. பின்னாடி ஐ.சி. சிப் வந்தப்பவும் அதே கதை. 1964ல ஜெனித் கம்பெனி அதைக் காது மிஷின்லதான் முதல்ல போட்டது.

ஆக, புதுசா எது வந்தாலும் காது கேட்காதவர்கள்தான் முதல் வாடிக்கையாளர். சிவகாசிக்கு வந்து சேர்றதுலதான் தாமதம்.

இங்க 1920களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. பின்னாலயே பட்டாசும் வந்துச்சு. காது மிஷின்? கான்பூர்ல அலிம்கோ நிறுவனம் 1972ல தொடங்கினாங்க. 1981ல மத்திய அரசோட ஆடிப் திட்டம் வந்தது. முகாம்ல கொடுத்தது சட்டைப்பையில பெட்டி, அதுலேருந்து காதுக்கு ஒயர். நம்ம வீட்டுப் பெரியவங்க "ரேடியோப் பெட்டி"ன்னு சொல்லி பீரோவுல பூட்டி வச்சாங்களே, அதுதான்.

அவங்களைத் திட்டாதீங்க. அந்தப் பெட்டி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். பள்ளம் விழுந்தது ஒரு இடத்துல. இது பஸ் ஹாரன், பாத்திரச் சத்தம் எல்லாத்தையும் ஏத்தும். "ஸ்" தெளிவா வராது, தலைவலிதான் வரும். கேட்கும் திறன் குறைஞ்ச அதிர்வெண்ணை மட்டும் நுணுக்கமா ஏத்தித் தர்ற முழு டிஜிட்டல் மிஷின்கள் 1996லதான் கடைக்கு வந்துச்சு.

இப்ப எனக்கு வருத்தம் தர்ற பகுதி.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ரெண்டு காதுலயும் பேச்சு அதிர்வெண்கள்ல 60 டெசிபல் இழப்பு இருந்தாத்தான் "கேட்கும் திறன் குறைந்தவர்". 4000ல மட்டும் பள்ளம் விழுந்த நம்ம அண்ணாச்சிக்குச் சராசரி எடுத்தா அந்தக் கோட்டைத் தொடவே மாட்டார். சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாட்டி இலவச மிஷினும் இல்லை.

சத்தத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு. 1999 விதிப்படி, வெடிக்கிற இடத்துலேருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல போகக்கூடாது. தூரம் பாதியானா ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டர்ல நிக்கிறவருக்கு அதே வெடி 137. தீபாவளிக்குக் கொளுத்துறவன் திரியைப் பத்தவச்சுட்டு ஓடிடுவான். இதையே வேலையா செய்றவர் தினமும் எத்தனை தடவை ஓடுவார், சொல்லுங்க?

சரி, இன்னிக்கு என்ன வழி? உங்க பாக்கெட்டுலயே கொஞ்சம் இருக்கு. 2019 பிப்ரவரியில கூகுள் "லைவ் டிரான்ஸ்கிரைப்" விட்டாங்க. எதிர்ல பேசுறதைத் திரையில எழுத்தாக் காட்டும், தமிழ்லயும். அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் திமித்ரி கனேவ்ஸ்கி. அவருக்கே சின்ன வயசுலேருந்து காது கேட்காது. ஆண்ட்ராய்டுல "சவுண்ட் ஆம்ப்ளிஃபயர்"னு இன்னொன்னு. இயர்போன் மாட்டினா உயர் அதிர்வெண்ணை மட்டும் தனியா கூட்டலாம். ரெண்டும் காசில்லாதது. ஆப்பிள் ஏர்பாட்ஸ் புரோ 2ஐயே காது மிஷினாப் பயன்படுத்த 2024 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. ஆனா விலை நம்ம பக்கத்து வாரச் சம்பளத்துக்கு எட்டாது.

ஒரு சிக்கல், பட்டாசு ஆலைக்குள்ள செல்போன் கூடாது. சரியான விதி, மீறாதீங்க. காது மிஷினும் பேட்டரி சாமான்தான். போட்டுக்கிட்டு உள்ள போகலாமான்னு போர்மேன்கிட்ட முதல்ல கேளுங்க. வீடு, பேங்க், டீக்கடைக்கு போன் போதும்.

இன்னொன்னு. பக்கத்துல வெடிச்சு காது அடைச்சுக்கிட்டா எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம். அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. ஆலை விபத்துல தீக்காயத்தோட வர்றவங்களுக்கும் உயிர் தப்பின பிறகு காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க. அந்தப் பரபரப்புல நாங்களே அதை மறந்துடுவோம்.

அண்ணாச்சி போன்ல அந்த ஆப்பைப் போட்டு மேசை மேல வச்சேன். அக்கா பேச ஆரம்பிச்சாங்க. திரையில வரி வரியா ஏறிக்கிட்டே போச்சு. கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவா பேசுறா, டாக்டர்?"