கால்நடைகளிலும் செல்லப்பிராணிகளிலும் நாடாப்புழு நீக்கம்

நாடாப்புழு நீக்கம் என்பது ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் குடலில் ஒட்டி வாழும் தட்டையான ஒட்டுண்ணிப் புழுக்களை மருந்தால் அகற்றும் கால்நடை மருத்துவ முறையாகும். சென்னையின் தென்புறநகரான தாம்பரம், முடிச்சூர், வண்டலூர்ப் பகுதிகளில் அடுக்குமாடி வீட்டு நாய்களும் ஏரிக்கரைகளில் மேயும் ஆடுகளும் அருகருகே வாழ்வதால் இரு வகைத் தொற்றுகளையும் சேர்த்தே அறிய வேண்டியுள்ளது.

'''ஆடுகளில்'''

ஆட்டுக்குட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது மோனிசியா இனப் புழுவாகும். புல்வேரில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகளைப் புல்லோடு சேர்த்து விழுங்குவதால் இது பரவுகிறது. நிக்லோசமைடு, அல்பெண்டசோல், பிராசிகுவான்டெல் ஆகியவை பயன்படும் மருந்துகள். சினையின் தொடக்க காலத்தில் அல்பெண்டசோல் கொடுக்கலாகாது. கருவில் குறைபாடு ஏற்படலாம். புழுக்கையில் வெள்ளைத் துண்டுகளைக் கண்டு உரிமையாளர் அஞ்சுவது இயல்பே. எனினும் இரத்தத்தை உறிஞ்சும், கண்ணுக்குப் புலப்படாமல் இரைப்பையில் இருக்கும் உருண்டைப்புழுவே பெரும்பாலும் அதிகக் கேடு செய்வது.

'''நாய், பூனைகளில்'''

டிப்பிலிடியம் கனைனம் என்னும் புழு தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுவது. அதன் துண்டுகள் அரிசிமணி போல ஆசனவாயருகே ஒட்டியிருக்கும். பிராசிகுவான்டெல் இதற்குச் சிறந்த மருந்து. நாய்க்கு வாய்வழி அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். தெள்ளை ஒழிக்காவிடில் இரண்டு, மூன்று வாரங்களில் புழு மீண்டும் தோன்றும். மருந்து பலிக்கவில்லை எனப் பலர் கருதுவது இதனால்தான். உண்ணிக்குப் போடப்படும் ஐவர்மெக்டின் ஊசி நாடாப்புழுவைக் கொல்லாது. பழைய கால மருத்துவத்தில், பாக்கிலிருந்து எடுக்கப்படும் அரிக்கோலின் நாய்களுக்குப் பேதி மருந்தாகக் கொடுக்கப்பட்டது.

'''மனிதருக்கான இடர்'''

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது. நாயிடம் நோய்க்குறி எதுவும் தெரியாது. அதன் முட்டை மனிதர் வயிற்றினுள் சென்றால் கல்லீரல், நுரையீரலில் நீர்க்கட்டிகள் வளரும்; பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆடுமாடுகளிலும் இக்கட்டி உண்டாகும். பெரும்பாலும் அறுத்த பின்னரே தெரியவரும். ஆகவே இறைச்சிக்கடைக் கழிவான பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்களுக்கு வீசுவதே இச்சுழற்சியை நீடிக்கச் செய்கிறது. வேகவைத்துக் கொடுத்தால் இவ்வழி அடைபடும்.

'''நிறுவனங்கள்'''

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டுப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் உள்ளது.