வெள்ளை பூசிய மரமும் பிரிஸ்பேன் பிள்ளைகளும்

இங்கே புனேயில் எந்த ஃபர்னிச்சர் கடைக்குப் போனாலும் மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி மங்கலாக வெள்ளை பூசிய மேசை ஒன்றாவது கண்ணில் படுகிறது. நம்ம தங்கமணிக்கும் ஆசை வந்துவிட்டது. தேக்குக்குப் போய் வெள்ளையா என்று ஊரில் அப்பா கேட்டால் அன்றைக்குச் சாப்பிடவே மாட்டார் :-)

இதன் பூர்வீகம் ஐரோப்பாவின் ஓக் மரம். சுண்ணாம்பைத் தேய்த்துத் துடைத்தால் ரேகைப் பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கும். 1920, 30களில் பாரிஸில் ழான் மிஷேல் ஃப்ராங்க் இதைப் பணக்கார வீடுகளின் நாகரிகம் ஆக்கினார். அந்தப் பூச்சுக்கு 'செரூஸ்' என்று ஒரு பெயர் உண்டு. அது 'செருசா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அர்த்தம், ஈய வெள்ளை.

ஈயத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணம் அடைத்து, மாதக்கணக்கில் மூடி வைத்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அதைச் சுரண்டி எண்ணெயில் குழைத்தால் பெயிண்ட். மரத்தில் சுண்ணாம்பைவிட நன்றாகப் பிடிக்கும், மழைக்கும் தாங்கும். விஷம் என்பது ரோமானியர்களுக்கே தெரியும். தெரிந்தும் அடித்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வீடுகள் பெரும்பாலும் மரம்தான். சுற்றி வராந்தா, அதற்குப் பெயிண்ட் அடித்த மரக் கிராதி. 1890களில் அங்கே பிள்ளைகள் வயிற்றுவலியில் துடித்தார்கள், கை கால் விளங்காமல் போனார்கள், சிலருக்குப் பார்வையே போனது. ஈய விஷம் என்று மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் எங்கிருந்து வருகிறது? தண்ணீரா, பாத்திரமா?

1904இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் அந்தக் கிராதியைக் காட்டினார். வெயிலில் பெயிண்ட் பொடிப்பொடியாகிறது, பிள்ளைகளின் கையில் ஒட்டுகிறது, நகம் கடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் உள்ளே போகிறது. இவ்வளவுதான். எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் ஈய பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1922இல். 18 வருடம்! அமெரிக்கா வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைத் தடுத்தது 1978இல். நம் நாட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது.

இதைப் படித்த பிறகுதான் ஊரிலிருந்து லாரியில் வந்த கட்டிலைச் சரியாகப் பார்த்தேன். தாத்தா காலத்துப் பச்சை எனாமல், ஓரமெல்லாம் உதிர்கிறது. எங்கள் இரண்டு வயது வாண்டு அதன் சட்டத்தைத்தான் பிடித்து நிற்கும், கடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று இருந்தோம். உலர்ந்த பெயிண்ட்டைத் தேய்த்தால் வீடு முழுக்கத் தூசி, அதிலும் ஈயம் இருக்கலாம். கட்டிலைப் போர்வை சுற்றி பூட்டிய அறையில் வைத்தாயிற்று.

வெள்ளை பூச, பெயிண்ட் படாத புது பைன் ஸ்டூல் ஒன்று வாங்கினோம். வெள்ளை எமல்ஷனில் சரிபாதி தண்ணீர் கலந்து அடித்து, காய்வதற்குள் பழைய பனியன் துணியால் ரேகை போகும் திசையிலேயே துடைத்தால் போதும். இப்போதைய வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.