ஒப்பம் வைத்தவர்களும் சுவிச்சை அழுத்தியவர்களும்

உளவியலை ஒரு பாடமாக எடுத்த எல்லாருக்கும் மில்கிராமைத் தெரியும். முதலாம் வருடத்தில் ஒரு விரிவுரை, ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காணொளி, பரீட்சையில் ஒரு கேள்வி. 'சாதாரண மனிசரும் அதிகாரத்துக்குப் பணிந்து கொடுமை செய்வார்கள், 65 வீதம்' எண்டு எழுதினால் புள்ளி வரும். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். இறுதி வருட ஆய்வுக்காக வினாக்கொத்தோட ஊருக்குள்ள போய்வந்த பிறகுதான் அந்தப் பரிசோதனையின் வரலாற்றைத் திரும்பத் தேடி வாசித்தோம். ஏன் எண்டதைக் கடைசியில் சொல்லுறோம்.

1961. ஜெருசலேமில் நாசி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்த காலம். 'எனக்கு வந்த கட்டளையைத்தான் செய்தேன்' என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தில், ஸ்டான்லி மில்கிராம் என்ற இளம் உளவியலாளர் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டார். ஞாபகசக்தி பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை, கூலி 4 டொலர், பயணச் செலவுக்கு 50 சதம். தொழிலாளிகள், விற்பனையாளர்கள், எழுதுவினைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வந்தார்கள்.

ஆய்வுகூடத்தில் சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒருவர் இருப்பார். பங்கேற்க வந்த இன்னொருவர் போல ஒரு நடுத்தர வயது மனிதரும் இருப்பார். உண்மையில் இருவருமே மில்கிராம் ஏற்பாடு செய்த ஆட்கள்: ஒருவர் உயர்பாடசாலை உயிரியல் ஆசிரியர், மற்றவர் கணக்காளர். சீட்டுப் போடுவார்கள், இரண்டு சீட்டிலும் 'ஆசிரியர்' என்றுதான் எழுதியிருக்கும். கணக்காளரைப் பக்கத்து அறையில் கதிரையோடு கட்டுவார்கள். அவர் சொற்களைப் பிழையாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் 'ஆசிரியர்' ஒரு சுவிச்சை அழுத்த வேணும். 15 வோல்ட்டிலிருந்து 450 வோல்ட் வரை 30 சுவிச்சுகள். 300 வோல்ட்டில் சுவரில் அடிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சத்தில் அதுவும் நின்றுபோகும். மின்சாரம் எதுவும் பாயவில்லை, ஆனால் அழுத்தினவருக்கு அது தெரியாது. 1963இல் வெளியான முதல் அறிக்கையின்படி 40 பேரில் 26 பேர் கடைசிச் சுவிச் வரைக்கும் போனார்கள். அந்த 65 வீதம் இதுதான்.

அதே அறிக்கையில் இன்னொரு விசயமும் இருக்கு, எங்கட குறிப்புக் கொப்பியில் அது இல்லை. பங்கேற்றவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு. மூன்று பேருக்கு வலிப்புப் போலவே வந்திருக்கு. நம்பிக்கையோடு உள்ளே வந்த ஒரு வியாபாரி இருபது நிமிடத்தில் திக்கித் திணறி உருக்குலைந்துபோனதை மில்கிராம் விபரமாக எழுதியிருக்கிறார். அதை எழுதியிருக்கிற நிதானம்தான் எங்களுக்கு உறுத்தியது.

அடுத்த வருடமே, 1964இல், டயானா பௌம்ரின்ட் என்ற உளவியலாளர் இதைக் கேள்வி கேட்டார். பாடப்புத்தகங்களில் அவர் 'ஒழுக்கநெறி விமர்சனம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியில் முடிந்துவிடுவார். ஆட்களுக்கு மனவேதனை கொடுத்தது பிழை, அவ்வளவுதான் அவர் சொன்னது என்பதுபோல. உண்மையில் அவர் சொன்னது அதைவிடக் கூர்மையானது. ஆய்வுகூடத்துக்கு வருகிற ஆள் ஆய்வாளரை நம்பி, அவரில் தங்கிநிற்கிற நிலையில்தான் உள்ளே வருகிறார். அந்த இடத்தில் சொன்னதைக் கேட்டு நடப்பது இயல்பு. ஆகவே அந்த நம்பிக்கையைப் பாவித்து எடுத்த முடிவை நாசி முகாம்களுக்குப் பொருத்த முடியாது. இதில் ஒழுக்கநெறிக் கேள்வியும் முறையியல் கேள்வியும் வேறுவேறாக இல்லை. நாங்கள் படிக்கேக்க இரண்டுக்கும் இரண்டு அத்தியாயம்.

மில்கிராமின் சொந்தத் தரவுகளே பௌம்ரின்ட் பக்கம் சாய்கிற மாதிரித்தான் இருக்கு. பிறகு அவர் பரிசோதனையை யேலை விட்டு பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டிடத்துக்கு மாற்றிப் பார்த்தார். கடைசிவரை போனவர்கள் 47.5 வீதமாகக் குறைந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் சேர்ந்துதான் சுவிச்சை அழுத்தியிருக்கு.

மில்கிராம் பதில் சொன்னார். இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் போவார்கள் என்று தான் எதிர்பார்க்கவில்லை, எல்லாம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிச் சமாதானப்படுத்தித்தான் அனுப்பினோம், பிறகு தபாலில் கேட்டபோது 84 வீதமானோர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்றார்கள் என்று. இந்த 84ஐ நாங்களும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. சொன்னதைக் கேட்டு நடக்கிறவர்கள் என்று ஆய்வு சொன்ன அதே ஆட்களிடம், அதே ஆய்வாளர் கடிதம் போட்டுக் கேட்கிறார். என்ன பதில் வரும்?

இதற்குள் ஒரு பொய்யும் இருந்தது. அவுஸ்திரேலிய உளவியலாளர் ஜீனா பெரி யேல் ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் கேட்டு, வாசித்து, பங்கேற்றவர்கள் சிலரையும் தேடிப்பிடித்து, 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். பலருக்கு அன்று முழு உண்மை சொல்லப்படவே இல்லை. நியூ ஹேவன் சின்ன இடம், கதை பரவினால் அடுத்து வருகிறவர்களை ஏமாற்ற முடியாது. பரிசோதனைக்கு அது நல்ல முறையியல்தான். ஆனால் வீட்டுக்குப் போன மனிதர்? 1962 நடுப்பகுதியில் அறிக்கை தபாலில் வரும்வரை, பக்கத்து அறை ஆளுக்கு என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாமலே சிலர் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைத் தேடிப் பார்த்தவரும் உண்டு.

இன்னொரு பரிசோதனை வடிவத்தை மில்கிராம் பிரசுரிக்கவே இல்லை. அதில் பங்கேற்க வருகிறவர் தன் நண்பரையோ உறவினரையோ கூட்டிவர வேண்டும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கதிரையில் கிடந்து கத்துவதற்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 20 சோடிகளில் மூன்று பேர்தான் கடைசிவரை போனார்கள். இந்த 15 வீதம் ஏன் எங்கட பாடப்புத்தகத்தில் இல்லை எண்டு கேட்க வேண்டியதில்லை.

1970களில் சட்டங்கள் வந்தன. அதற்கு முதன்மைக் காரணம் மில்கிராம் இல்லை. அலபாமாவின் டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை 40 வருடம் மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு 1972இல் அம்பலமானதுதான். 1974இல் அமெரிக்காவில் ஆய்வுச் சட்டம், 1979இல் பெல்மன்ட் அறிக்கை. அந்த வழியில்தான் இன்று எங்கட கைக்கு வந்திருக்கிற ஒப்புதல் படிவமும்: 'விரும்பினால் எந்த நேரமும் விலகலாம்.'

ஜெரி பேர்கர் என்ற உளவியலாளர் 2009இல் பிரசுரித்த ஆய்வு இந்தப் படிவத்தைப் பற்றியே ஒரு சந்தேகத்தை எழுப்புகிறது. 150 வோல்ட்டோடு நிறுத்தி, ஆட்களை முன்கூட்டியே பரிசீலித்து, 'நீங்கள் எப்பவும் விலகலாம், காசும் உங்களுக்குத்தான்' என்று மூன்று தடவை சொல்லி அவர் மில்கிராமைத் திரும்பச் செய்தார். அப்படியும் 70 வீதமானோர் 150ஐத் தாண்டப் போனார்கள். சுவாரசியமானது இதுதான்: தயங்குகிறவர்களுக்குச் சொல்ல நாலு வசனங்கள் இருந்தன. இரண்டாவது, ஆய்வுக்கு இது தேவை என்பது. நாலாவது, உங்களுக்கு வேறு வழியில்லை, தொடரத்தான் வேணும் என்பது. நாலாவதைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை. நேரடிக் கட்டளை எண்டவுடன எழும்பிவிட்டார்கள். 'ஆய்வுக்குத் தேவை' என்பதற்குத்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

இனி நாங்கள் போன கதை. உறவுகளை இழந்த பெண்களின் மனநிலை பற்றிய வினாக்கொத்து. படிவத்தை விளங்கப்படுத்தத் தொடங்க முன்னமே ஒரு அம்மா பேனையை வாங்கிவிட்டார். "எங்க பிள்ளை ஒப்பம் வைக்கிறது?" வாசிச்சுக் காட்டுறம் அம்மா எண்டோம். "வேண்டாம், நீங்கள் கம்பசில இருந்து படிப்புக்காக வந்திருக்கிறியள், நான் ஏன் மறிக்கப் போறன்." பதினொராவது கேள்விக்கு வரேக்க அவ அழுதுகொண்டிருந்தா. நிப்பாட்டுவமோ எண்டு கேட்டோம். "இல்லை, உங்களுக்குத் தேவை எண்டால் கேளுங்கோ."

நாங்கள் கேட்டோம். மிச்சம் ஒன்பது கேள்வி.

அந்த ஊரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதை ஆய்வறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் 'பதிலளிப்பு வீதம் 100' எண்டு கொஞ்சம் பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரிக்குப் பக்கத்தில் இப்ப பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு. திங்கட்கிழமை மேற்பார்வையாளரைச் சந்திக்கேக்க அவவின்ர பதில்களைச் சேர்க்கிறதா விடுறதா எண்டு கேட்க வேணும்.