வெள்ளை அங்கியும் உருளைக்கிழங்கும்

உலகம் அடுத்த செவ்வாய்க்கிழமை முடியப் போகிறது என்று ஒரு குடியானவன் உண்மையாகவே நம்பினால், திங்கட்கிழமையன்று அவன் என்ன செய்வான்? கதை எழுதுகிறவனுக்கு இதைவிட ருசியான கேள்வி கிடைப்பது கஷ்டம். கற்பனையை அவிழ்த்து விட்டால் பத்து அத்தியாயம் ஓடும். ஆனால் கற்பனைக்கு இங்கே வேலையில்லை. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை சரித்திரத்தில் வந்து போயிருக்கிறது. 1844-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி. இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்கள். அன்றைக்குக் கிறிஸ்து மேகங்களின்மேல் இறங்கி வருவார் என்று காத்திருந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். ஒரு லட்சம் இருக்கும் என்று வேறு சிலர்.

அவர்களைப் பற்றி அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. எல்லோரும் வெள்ளைத் துணியில் நீள அங்கி தைத்துப் போட்டுக்கொண்டார்களாம். கூரைமேலும் மரத்தின்மேலும் குன்றின்மேலும் ஏறி நின்றார்களாம், வானத்துக்குப் போகிற தூரம் கொஞ்சமாவது குறையட்டும் என்று. 1924-ல் கிளாரா எண்டிகாட் ஸியர்ஸ் என்ற அம்மையார் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பாட்டி சொன்னாள், தாத்தா சொன்னார் என்று ஜனங்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் திரட்டி அதில் சேர்த்திருந்தார். சரியாக இருபது வருஷம் கழித்து, பிரான்ஸிஸ் நிக்கல் என்பவர் பழைய பத்திரிகைகளையும் கடிதங்களையும் கிளறிப் பார்த்து, அங்கிக் கதைக்கு நேரில் கண்ட சாட்சி என்று நம்பக் கூடியது ஒன்றுமில்லை என்று வாதாடினார். நிக்கல் அந்த இயக்கத்தின் வழிவந்த சபையைச் சேர்ந்தவர், ஆகவே கட்சிக்காரர்தான். ஆனாலும் கட்சியில்லாத சரித்திரக்காரர்களும் பின்னால் பெரும்பாலும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இருட்டில் குன்றின்மேல் வெள்ளை வெளேரென்று நூறு பேர் நிற்கிற காட்சியை எந்த நாவலாசிரியன் விட மனசு கொள்ளுவான்? ஆனால் அந்த அங்கியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் அதற்குள் இருந்த மனிதர்கள் தெரிகிறார்கள்.

முதலில் தெரிகிறவர் வில்லியம் மில்லர். 1782-ல் மாஸசூஸெட்ஸில் பிறந்து, நியூயார்க் மாகாணத்தில் லோ ஹாம்ப்டன் என்ற கிராமத்தில் வளர்ந்த விவசாயி. வாலிப வயசில் வால்டேரும் ஹ்யூமும் பெய்னும் படித்துவிட்டு, கடவுள் உலகத்தைச் செய்து ஓடவிட்டபின் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற கட்சியில் சேர்ந்தவர். குடும்பத்தில் இருந்த போதகர்கள் ஜெபம் செய்வதை நண்பர்களுக்கு முன்னால் அபிநயம் பிடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாராம். 1812-ல் இங்கிலாந்தோடு மூண்ட யுத்தத்தில் காப்டனாகப் போனார். 1814-ல் பிளாட்ஸ்பர்க்கில், எண்ணிக்கையில் தங்களைவிடப் பெரிய பிரிட்டிஷ் படை பின்வாங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தார். திரும்பிப் பார்க்காத கடவுள் இதை எப்படிச் செய்தார் என்ற சந்தேகம் அவருக்கு அங்கேதான் முளைத்தது.

வீடு திரும்பியபின் ஒரு சின்ன வேடிக்கை. உள்ளூர்க் கோயிலில் போதகர் இல்லாத நாட்களில் சபை மூப்பர்கள் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை வாசிப்பார்கள். அவர்கள் வாசிப்பு சகிக்கவில்லை என்று மில்லர் போவதை நிறுத்திவிட்டார். அப்படியானால் நீயே வாசி என்றார்கள். வாசித்தார். 1816-ல் ஒரு நாள், பாதி வாசிக்கும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே வாசிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பரிகாசம் செய்தவர் பக்தரான கதை இவ்வளவுதான். இதில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை.

பழைய நண்பர்கள் விடுவார்களா? அவர் முன்பு கேட்ட கேள்விகளை அவரிடமே திருப்பிக் கேட்டார்கள். பைபிளில் முன்னுக்குப் பின் முரண் இருக்கிறதே என்றார்கள். அவகாசம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மில்லர் உட்கார்ந்தார். கையில் பைபிள், பக்கத்தில் எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் குரூடன் அகராதி. ஆதியாகமம் முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு வசனம் புரிந்தாலொழிய அடுத்த வசனத்துக்குப் போவதில்லை என்று இரண்டு வருஷம். அவர் ஞானதிருஷ்டி உடையவரென்று சொல்லிக்கொண்டதே கிடையாது. அவர் செய்தது கணக்கு. கணக்கை நம்புகிற மனிதன் கனவை நம்புகிறவனைவிடப் பிடிவாதக்காரன் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தானியேல் தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தில், 2300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வாக்கு வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்வது மில்லருக்கு முன்பே பெரிய பண்டிதர்களிடம் இருந்த வழக்கம். புவியீர்ப்பைச் சொன்ன நியூட்டனே தானியேலுக்கு விளக்கம் எழுதியவர்தான். பரிசுத்த ஸ்தலம் என்றால் இந்தப் பூமி, சுத்திகரிப்பு என்றால் கிறிஸ்துவின் வருகையில் அது அக்கினியால் சுத்தமாவது என்று மில்லர் கொண்டார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேமைப் பற்றிக் கட்டளையிட்ட கி.மு. 457-லிருந்து எண்ண ஆரம்பித்தார். 2300-லிருந்து 457 போனால் மீதி 1843. அவர் இந்த முடிவுக்கு வந்தது 1818-ல். ஆக, இன்னும் இருபத்தைந்து வருஷம்!

இந்தக் கணக்கில் ஒரு சூனியம் ஒளிந்திருந்தது. கி.மு. 1-க்கு அடுத்த வருஷம் கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது. ஆகவே கழித்தால் வருகிற தொகையோடு ஒன்றைக் கூட்டவேண்டும். பள்ளிக்கூடப் பையன் விடுகிற பிழை. அந்த ஒரு வருஷம் பின்னால் எத்தனை பேரை ஆட்டி வைத்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

இப்பேர்ப்பட்ட செய்தியைக் கண்டுபிடித்தவர் தெருவுக்கு ஓடியிருப்பார் என்றுதானே நினைப்போம்? மில்லர் பதின்மூன்று வருஷம் மேடை ஏறவில்லை. கணக்குத் தப்பாக இருந்தால் ஜனங்களைக் கெடுத்தவன் ஆவேனே என்ற பயம். பேசி வழக்கமில்லை என்ற கூச்சம். போய்ச் சொல் என்று உள்ளுக்குள் ஒரு குரல் அரித்துக்கொண்டே இருந்தது. 1831 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, யாராவது கூப்பிட்டால் போகிறேன் என்று கடவுளோடு ஒரு பேரம் பேசிக்கொண்டார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம். அரைமணி நேரத்தில் அவர் மருமகன் முறையுள்ள பையன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான்: நாளைக்கு எங்கள் ஊரில் போதகர் இல்லை, நீங்கள் வந்து பேச வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார்! மில்லர் பதில் சொல்லாமல் கோபத்தோடு வெளியே போய், பக்கத்துத் தோப்பில் மண்டியிட்டு மல்லாடிவிட்டுத்தான் திரும்பி வந்து புறப்பட்டார். அப்போது வயசு நாற்பத்தொன்பது.

எட்டு வருஷம் கிராமம் கிராமமாகப் பேசினார். அதற்குப் பிறகுதான் ஜோஷுவா ஹைம்ஸ் வருகிறார். பாஸ்டன் நகரத்துப் போதகர். பத்திரிகையின் பலம் தெரிந்தவர். 1840-ல் ஒரு பத்திரிகை, 1842-ல் நியூயார்க்கில் இன்னொன்று. ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரக்கூடிய ஒரு ராட்சதக் கூடாரம் ஊர் ஊராக வண்டியில் போயிற்று. தானியேல் கண்ட மிருகங்களையும் வருஷங்களையும் படமாகப் போட்டு முந்நூறு பிரதிகள் அச்சடித்துப் பிரசங்கிகளுக்குக் கொடுத்தார்கள். 1843 மார்ச்சில் பகலிலும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. விளம்பரத்துக்கு ஹைம்ஸ் கூட அவ்வளவு செலவு செய்திருக்க முடியாது.

ஆனால் இடறல் ஒன்று இருந்தது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான், தேவதூதர்களும் அறியார் என்பது மத்தேயு சுவிசேஷத்தில் இயேசுவே சொன்னதாக இருக்கிறது. ஆகையால் விழித்திருங்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. எதிரிகள் இந்த வசனத்தைத்தான் மில்லர்மேல் வீசினார்கள். நாளையும் நாழிகையையும்தானே அறியக் கூடாது, வருஷத்தை அறியலாமே என்பது அவர் சமாதானம். வக்கீல் வாதம்தான். ஆனாலும் அவர் அந்த எல்லையைத் தாண்டாமல் நின்றார். 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் நடுவில் என்றார். அதற்குமேல் நெருக்கிக் கேட்டவர்களுக்கு வாய் திறக்கவில்லை.

1844 மார்ச் 21 வந்தது, போயிற்று. மில்லர் தம் கணக்கில் பிசகு என்று பகிரங்கமாக எழுதினார். விஷயம் அதோடு அடங்கியிருக்கும். ஆகஸ்டில், நியூ ஹாம்ப்ஷயரில் எக்ஸிடர் என்ற ஊரில் கூடார ஜெபக்கூட்டம் நடந்தது. ஸாமுவேல் ஸ்நோ என்பவர் அங்கே எழுந்து வேறு கணக்குச் சொன்னார். விட்டுப்போன அந்த ஒரு வருஷத்தைக் கூட்டினால் 1844 இலையுதிர்காலம். யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி பாவநிவிர்த்தி நாள். அன்றுதான் பிரதான ஆசாரியர் உள்ளறைக்குள் போய்ச் சடங்கை முடித்து, வெளியே வந்து ஜனங்களை ஆசீர்வதிப்பார். கிறிஸ்துவும் அன்றே வெளிவருவார்! வழக்கமான யூதப் பஞ்சாங்கப்படி அந்த வருஷம் அது செப்டம்பர் 23. அதை விட்டு, காராயிதர் என்ற பிரிவினரின் பழைய முறையைப் பிடித்துக்கொண்டு அக்டோபர் 22 என்று நிச்சயித்தார்கள்.

இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. பத்துக் கன்னிகைகளின் உவமையில் மணவாளன் வரத் தாமதிக்கிறான், எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள், நடுராத்திரியில் ஒரு சத்தம் கேட்கிறது. மார்ச்சில் ஏமாந்தது அந்தத் தாமதம், இப்போது கேட்பது அந்த நடுராத்திரிச் சத்தம் என்று ஸ்நோ பொருத்திக் காட்டினார். ஏமாற்றமே அத்தாட்சியாகிவிட்டது. இப்படிப்பட்ட கதையமைப்பை எந்த எழுத்தாளனும் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும்.

கூட்டத்திலிருந்து ஜனங்கள் தீப்பந்தம்போல் ஊர்களுக்குத் திரும்பினார்கள். தலைவர்கள் தயங்கினார்கள், தொண்டர்கள் தயங்கவில்லை. எல்லோரிலும் கடைசியாகச் சம்மதித்தவர்களில் ஒருவர் மில்லர். இயக்கத்துக்கே பெயர் கொடுத்த மனிதர், அக்டோபர் 6-ந் தேதி, அதாவது பதினாறு நாள் இருக்கும்போது, அந்தத் தேதியை ஒப்புக்கொண்டு எழுதினார். அறுபத்திரண்டு வயசு, உடம்பு முடியாதவர். பதின்மூன்று வருஷம் கட்டிக் காத்த எச்சரிக்கையைத் தாம் வளர்த்த ஜனங்களின் முகத்தைப் பார்த்துக் கைவிட்டார். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்தார்கள்? கடனைத் தீர்த்தார்கள். பல வருஷத்துப் பகையாளியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். பிலடெல்பியாவில் ஒரு கடைக்காரர், ராஜாதி ராஜாவின் வருகையை முன்னிட்டுக் கடை அடைத்திருக்கிறது என்று எழுதித் தொங்கவிட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் நியூ இப்ஸ்விச் என்ற ஊரில் லெனர்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற விவசாயி, வயலில் விளைந்து கிடந்த உருளைக்கிழங்கைத் தோண்டவில்லை. அக்கம்பக்கத்தார் நாங்களாவது தோண்டித் தருகிறோம் என்றபோதும் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். தோண்டினால், உலகம் முடியும் என்று தான் சொல்வதைத் தன் மண்வெட்டியே பொய் என்று சொன்ன மாதிரி ஆகுமே!

வெள்ளை அங்கி போட்டவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கிழங்கை மண்ணுக்குள் விட்டுவிட்டு நிற்கிறவனைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடியுமா? அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் குளிர்காலச் சாப்பாடு அந்த மண்ணுக்குள் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்தது. வீடுகளிலும் ஜெபக்கூடங்களிலும் கூடியிருந்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. நியூயார்க் மாகாணத்தில் போர்ட் கிப்ஸன் என்ற ஊரில் ஹைரம் எட்ஸன் என்ற விவசாயியும் நண்பர்களும் விடியும்வரை அழுதார்கள் என்று அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். செத்துப்போன உறவினர்களை அன்றே பார்ப்போம் என்று இருந்தவர்கள் அவர்கள். இரண்டாவது முறை இழவு விழுந்த மாதிரி. விடிந்ததும் தெருப் பையன்கள், இன்னும் மேலே போகவில்லையா என்று கேட்டார்கள். சில ஊர்களில் கும்பல் வந்து கூட்டம் நடத்தும் இடங்களைத் தாக்கியது. அங்கிக் கதைகளும் இந்தக் கேலியிலேயே வளர்ந்தன. ஹைம்ஸ், வெள்ளாமையையும் கடையையும் விட்டு வந்தவர்கள் பசித்திருக்கக் கூடாதென்று உதவி திரட்ட முனைந்தார்.

எட்ஸன் மறுநாள் காலை சோள வயல் வழியாக நடந்து போனபோது, சுத்திகரிக்கப்பட வேண்டிய ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது. தேதி சரி, சம்பவம்தான் வேறு என்று அவருக்குத் தோன்றியது. அந்த விளக்கத்தையும் சனிக்கிழமை ஓய்வுநாளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததுதான் 1863-ல் அமைப்பான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857-ல் மிஷனரிகளை விட்டு விலகித் தனிச் சபை கண்டபோது சனிக்கிழமையையே ஓய்வுநாளாக வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்துக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தச் சனிக்கிழமையே காரணம். அட்வென்டிஸ்ட் சபை இன்றைக்கும் கிறிஸ்துவின் வருகையை எதிர்பார்க்கிற சபைதான். ஆனால் தேதி குறிப்பதில்லை.

மில்லருக்கு அந்தப் புது விளக்கம் பிடிக்கவில்லை. ஆனால் காத்திருப்பதை அவர் விடவுமில்லை. நவம்பரில் ஹைம்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இனித் தமக்கு வேறு ஒரு நேரம் நிச்சயமாகிவிட்டது என்கிறார். இன்றைக்கு, நாளைக்கு விடிந்தால் அதுவும் இன்றைக்கு, அவர் வரும்வரை அப்படித்தான். நாளையும் நாழிகையையும் அறியாமல் விழித்திருப்பது என்றால் என்ன என்று, இருபத்தாறு வருஷக் கணக்குக்குப் பிறகு அவர் எழுதிய வரி அது. 1845-ல் உள்ளூர் பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கிற்று. 1848-ல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோயில் கட்டிக்கொண்டார். அது இன்னும் நிற்கிறது. கண்பார்வை மங்கி, 1849 டிசம்பர் 20-ந் தேதி இறந்துபோனார். குறித்த காலத்தில் முடிவு வரும் என்ற தானியேலின் வாக்கைக் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

ஹேஸ்டிங்ஸின் கிழங்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் கிழங்குக்கு அழுகல் நோய் கண்டிருந்தது. நேரத்தோடு தோண்டி நிலவறையில் வைத்தவர்களுக்கு அழுகிப் போயிற்று. இவர் நவம்பரில் போய்த் தோண்டினார். கிழங்கு கெடாமல் இருந்தது. வசந்தகாலத்தில் விதைக்கிழங்குக்கு அக்கம்பக்கத்தார் நல்ல விலை கொடுத்து அவரிடமே வாங்கிப் போனார்கள்.